புள்ளைங்க பாக்குதுங்க

"ஏய், இங்க வாடி" என்று அந்தக் குரல் கேட்டதும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கோகிலவாணியின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் எழுந்துவிட்டார், எழுந்ததும் கூப்பிடுகிறார், எதற்குக் கூப்பிடுகிறார், மத்தியானக் குழம்பில் ஏதாவது குறையா, சட்டையை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாரா, போன் எதுவும் வந்ததா என்று ஒரு மூச்சு விடுவதற்குள் மனசு எங்கெங்கோ ஓடித் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடியே கழுத்தை மட்டும் நீட்டி ஹாலைப் பார்த்தாள். நந்தகோபால் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஆட்டுக்கறியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து அமுக்கிய தூக்கம். மின்விசிறிக் காற்றில் லுங்கி நுனி மட்டும் அசைந்தது. அப்படியென்றால் கூப்பிட்டது யார்? "உன்னத்தான்டி. காது கேக்கலையா?" ஹாலுக்கு அந்தப் பக்கம், பாதி சாத்தியிருந்த படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது அது. மிதுலா. அவளுடைய மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மிதுலா, தம்பியை வைத்துக்கொண்டு அப்பா அம்மா விளையாட்டு விளையாடுகிறாள். குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, அந்த 'டி'யை மட்டும் பல்லிடுக்கில் கடித்துத் துப்புகிற மாதிரி, அச்சு அசலாக அவரேதான். கோகிலாவுக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வரப் பார்த்தது. வந்த சிரிப்பு நெஞ்சிலேயே நின்று கல்லாகிவிட்டது. இதை அவர் கேட்டுவிட்டால்?

கூப்பிட்டு அடக்கலாம் என்றால் கூப்பிடுகிற சத்தத்துக்கே அவர் விழித்துவிடுவார். ஞாயிறு மத்தியானத் தூக்கம் கலைந்தால் அன்றைக்குச் சாயங்காலம் என்ன ஆகும் என்பது இந்த வீட்டுச் சுவருக்கும் தெரியும். எழுந்து போகலாம் என்றால் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும். கட்டிலுக்கும் டிவி மேசைக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்குத்தான் இடம். அவர் தூக்கத்தில் தொங்கவிட்டிருக்கிற கை அந்த வழியில்தான் கிடக்கிறது. கட்டிலை ரூமில் போடலாம் என்று குடிவந்த புதிதில் அவள் சொன்னாள். வாசலைப் பார்த்த மாதிரி இருந்தால்தான் யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு தெரியும் என்றார் அவர். அப்போது அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. பொறுப்பான ஆம்பிளை என்றுதான் பட்டது. வாசல், சமையலறை, படுக்கையறை, பாத்ரூம் எங்கே போனாலும் அந்தக் கட்டிலைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். இப்படி இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் பிள்ளைகள், நடுவில் அவர். இதில் புதிதாக என்ன இருக்கிறது, எப்போதும் இப்படித்தானே என்று நினைத்தாள். நினைத்ததும் கை தானாக அடுத்த இணுக்கை எடுத்து உருவ ஆரம்பித்தது. கீரை உருவுகிற வேலையில் சத்தம் கிடையாது. அதற்காகத்தான் இந்த நேரத்துக்கு அந்த வேலையை வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் கழுவினால் சத்தம், மிக்ஸி போட்டால் சத்தம், குக்கர் வைத்தால் சொல்லவே வேண்டாம். கல்யாணமான புதிதில் போட்டிருந்த கொலுசைக்கூட எரிச்சலாக இருக்கிறது என்று அவர் சொன்ன அன்றே கழற்றி வைத்தாயிற்று. சத்தமில்லாமல் இருப்பதை ஒரு கலையாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டுமா?

"நீ அம்மா. நீ அங்க சுவத்துகிட்ட நிக்கோணும். நான்தான் அப்பா. நான் வெளிய போயிட்டு வர்றேன், என்ன?" இது மிதுலாவின் சொந்தக் குரல். தம்பி அகரன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்ல மாட்டான். அவனுக்கு நாலு வயசு முடிந்துவிட்டது. 'ம்மா' என்பான், 'தண்ணி' என்பான், 'வேணா' என்பான். ஒரு சொல்லோடு இன்னொரு சொல்லைக் கோத்து அவன் பேசி யாரும் கேட்டதில்லை. பால்வாடியில் அவனைவிடச் சின்னதுகள் எல்லாம் கதை சொல்கின்றன, பாட்டுப் பாடுகின்றன. இவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். ஈரோட்டில் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். காது பார்த்தார், நாக்கைப் பார்த்தார், படங்களைக் காட்டிச் சுட்டச் சொன்னார். எல்லாவற்றையும் சரியாகச் சுட்டினான். "பையனுக்கு எல்லாம் புரியுதும்மா, உடம்புல ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, நல்ல தன்மையாக, "வீட்டுல ஏதாவது சத்தம், சண்டை, குழந்தை பயந்துக்கற மாதிரி எதுவும் இருக்குதாம்மா?" என்று கேட்டார். நந்தகோபால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மருந்துக் கம்பெனியில் மேனேஜர் என்பதால் டாக்டருக்கே அவரை முன்பே தெரியும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு இருந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றாள் கோகிலா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் முகம் கூசுகிறது. டாக்டர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாவின் நம்பரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் நந்தகோபால் குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவளுக்கும்தான். கரெக்டா பதில் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. அதையும் தின்றாளே.

"டொக் டொக்" என்று வாயாலேயே கதவைத் தட்டினாள் மிதுலா. "கதவத் தொறக்க இவ்வளவு நேரமா? உள்ள என்ன பண்ணிட்டிருந்த?" வியாழக்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் நடந்ததை அப்படியே நடித்துக் காட்டுகிறாள். அடுத்து என்ன வரும் என்று கோகிலாவுக்குத் தெரியும். அது வரக்கூடாது, அந்த வாயிலிருந்து அது வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. "போன் பண்ணினா பிஸி பிஸின்னு வருது. எவன்கிட்டடி பேசிட்டிருந்த?" எவன்கிட்டடி. பல் விழுந்து முளைக்கிற வாய். காலையில்தான் ஆடுகிற பல்லைக் காட்டி, "ம்மா, இத நானே புடுங்கட்டுமா?" என்று கேட்ட வாய். கோகிலா அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தது அந்தப் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம்தான். எந்தக் கிழமை வரலாம், வரும்போது பெற்றோர் ரெண்டு பேரும் வர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்வதற்குள் முழங்கையைப் பிடித்து முறுக்கியாயிற்று, சுவரில் தள்ளியாயிற்று. போனை வாங்கிப் பார்த்து, அந்த நம்பருக்கே போட்டு, ஒரு பெண் குரல் கேட்டதும் "ராங் நம்பருங்க, சாரிங்க" என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தார். அப்புறம் குளிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அம்மாவை அவள் கூப்பிடவில்லை. என்னவென்று கூப்பிடுவது?

ஆனால் பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை. இதை அவர் அடிக்கடி சொல்வார், கோபம் தணிந்து பொட்டலத்தில் ஜிலேபியோடு வந்து நிற்கிற சமயங்களில். "பிள்ளைக மேல ஒரு விரல் வெச்சிருப்பேனா, சொல்லு பார்க்கலாம்?" என்பார். உண்மைதான். வைத்ததில்லை. அக்கா ஒருத்தி பெருந்துறையில் இருக்கிறாள், அவளிடம் ஒருமுறை வாய்விட்டபோது கோகிலாவே இதைத்தான் சொன்னாள். 'புள்ளைகன்னா அவருக்கு உசிரு அக்கா, அதுக மேல கை வெக்க மாட்டாரு.' இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தொங்கிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி அழுது முடித்ததும் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு தூங்குவாள். கை வைத்ததில்லை. இப்போதும் சொல்லிப் பார்த்தாள். கை வைத்ததில்லை. அந்த ரூமில் அந்தப் பிள்ளையின் தொண்டைக்குள் புகுந்து பேசிக்கொண்டிருப்பது அப்புறம் எதனுடைய கை? மிதுலா ரொம்ப சமத்து, கிளாஸில் இருக்கிற இடமே தெரியாது என்று டீச்சர் சொன்னபோது எவ்வளவு பூரித்துப்போனாள். அந்தச் சமத்துக்கு, கீழே பைக் வந்து நிற்கும்போது ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அப்பா எப்படி என்று சொல்லத் தெரியும். "இன்னிக்கு மெதுவாத்தாம்மா போட்டாரு" என்பாள், பரீட்சை முடிந்தவள் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு. வேகமாகப் போட்டாரென்றால் யாரும் சொல்லாமலே போய் ஜன்னல்களைச் சாத்துவாள், டிவியைச் சத்தமாக வைப்பாள், தம்பியை இழுத்துக்கொண்டு போய் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற சந்தில் உட்கார வைத்துவிட்டு அவன் காதைப் பொத்துவாள். யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. சில நாள் அதே தம்பியின் தொடையில், யாரும் பார்க்காதபோது, நகம் பதியக் கிள்ளுவாள். அவன் கத்த மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். குளிப்பாட்டும்போது அந்தத் தழும்புகளைப் பார்த்த கோகிலா கொசுக்கடி என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா, நினைக்க முடிவு செய்தாளா?

"சொல்லுடி. வாயில என்ன வெச்சிருக்க?" மிதுலாவின் குரல் ஏறிவிட்டது. கட்டிலில் அவர் ஒரு முனகலோடு தலையைத் திருப்பினார். இனிமேல் உட்கார்ந்திருக்க முடியாது. கோகிலா மடியில் இருந்த கீரையைத் தரையில் வழித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் மரத்திருந்தது. ஹாலுக்குள் பாதத்தை வைத்தாள். டிவி மேசை ஓரமாகச் சாய்ந்து, மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு, தொங்குகிற அந்தக் கைக்கு மேலே ஒரு காலைத் தூக்கினாள். வலது கை. விரல்கள் பாதி மடங்கி, உள்ளங்கை மேலே பார்த்தபடி, எதையோ கேட்டு நீட்டியிருக்கிற குழந்தைக் கை மாதிரி. தூங்கும்போது அந்தக் கை எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. மணிக்கட்டில் போன மாசம் கோயிலில் கட்டிய கயிறு. இந்தக் கையைத்தான் அகரன் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் லேசாக அசைந்தது. தூக்கிய கால் தூக்கியபடி நின்றாள். முன்னாலும் வைக்க முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. அப்போதுதான் ரூமுக்குள் 'பட்' என்று சத்தம் கேட்டது. தலையணை மேல் அடித்ததா, உடம்பின் மேல் விழுந்ததா தெரியவில்லை. உடனே இன்னொரு குரல் கேட்டது. மெல்லிசான, கொஞ்சம் கரகரத்த, அவள் இதுவரை கேட்டே இராத ஒரு குரல், திக்காமல், தடுக்காமல், ஒரே மூச்சில் சொன்னது: "தப்புத்தானுங்க. இனிமேப் பண்ண மாட்டனுங்க. அடிக்காதீங்க, புள்ளைங்க பாக்குதுங்க."

முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது என்ன சொன்னது என்பதற்கு முன்னால், யார் சொன்னது என்பதுதான் உடம்புக்குள் ஓடியது. பேசிவிட்டான். அகரன் பேசிவிட்டான். கோத்துப் பேசிவிட்டான். வேண்டாத தெய்வமில்லை, நாக்கில் தேன் தடவாத நாளில்லை, இதோ என் பிள்ளை பேசிவிட்டான். கண்ணில் தண்ணீர் பொங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவை அவளுடைய வார்த்தைகள். வேறு யாரும் அந்த வரிசையில் அவற்றைச் சொல்ல மாட்டார்கள். கடைசியில் 'புள்ளைங்க பாக்குதுங்க' என்று முடிப்பதுகூட, அதைச் சொன்னால் மட்டும் சில சமயம் அவர் கை நிற்கும் என்பதால் அவள் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது. அவன் இத்தனை நாள் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தானே, பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மனசுக்குள் சேர்த்துவைத்து, பிழையில்லாமல் ஒரு பாடம் ஒப்பித்துவிட்டான்.

"யாரு பேசினது? அகரனா?" கட்டிலில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, முகமெல்லாம் தூக்கம், ஆனால் அந்த முகம் மலர்ந்திருந்தது. "ஏய் கோகிலா, பையன் பேசறான், கேட்டியா? நான் கேட்டேன்!" தூக்கத்தில் அவர் காதில் விழுந்தது குரல் மட்டும்தான். லுங்கியை இறுக்கிக்கொண்டு ரூமுக்குள் போனார். போன வேகத்தில் அவள் தோளில் இடித்தது அவருக்குத் தெரியவில்லை. அகரனைத் தூக்கித் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "சொல்லு சாமி, இப்ப சொன்னியல்ல, அப்பாவுக்கு இன்னொருக்கா சொல்லு. என் தங்கமல்ல?" அவர் பின்னாலேயே மிதுலா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. கோகிலா, "விடுங்க, அப்புறம் பேசுவான், பயந்துக்குவான்" என்றாள். "நீ சும்மா இரு. பேசறவனப் பேச வுடு. சொல்லு சாமி." அகரன் அப்பாவின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தான். கேட்டால் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பான். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு, அவர் கைகளில் இருந்தபடியே, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னான். "தப்புத்தானுங்க. இனிமேப் பண்ண மாட்டனுங்க. அடிக்காதீங்க, புள்ளைங்க பாக்குதுங்க."

நந்தகோபாலின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பையனை இறக்கிவிட்டார், மெதுவாகத்தான், கால் தரையில் ஊன்றும் வரை பிடித்துக்கொண்டிருந்து. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீ சொல்லிக் குடுத்தியா?" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் மோசம். "நான்தாம்ப்பா" என்றாள் மிதுலா. "சும்மா விளையாட்டுக்குத்தாம்ப்பா. அம்மாவுக்குத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன்." அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. "பெத்த அப்பனப் பத்திப் பிள்ளைகளுக்கு இதத்தான் கத்துக் குடுத்துட்டு இருக்கறயா நீ? நாளைக்கு இவன் ஸ்கூல்ல போய் இதச் சொல்லுவான், ஊரே சிரிக்கும், அதானே உனக்கு வேணும்?" கோகிலாவின் நாக்கு நுனிக்கு எப்போதும் வருகிற அந்த வார்த்தை வந்துவிட்டது. தப்புத்தானுங்க. சொன்னால் முடிந்துவிடும், அல்லது சீக்கிரம் முடியும். வாயைத் திறந்தாள். திறந்ததும் மூன்று முகங்களும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அகரன் உதட்டை அவளோடு சேர்த்தே குவித்தான், கூடச் சொல்வதற்குத் தயாராக. அந்த வார்த்தையை இனிமேல் அவளால் எடுக்க முடியாது. அதை அவன் எடுத்துக்கொண்டுவிட்டான். "யாரும் சொல்லிக் குடுக்கலீங்க" என்றாள். "பொறந்ததுல இருந்து அவன் கேட்டது அதுதான். வேற என்னத்தைங்க பேசுவான்?"

அவர் கை உயர்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். அது அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் அந்தக் கையாலேயே முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான்கூடப் போடாமல் வெளியே போய்க் கதவை அறைந்து சாத்தினார். வருத்தப்பட்டுப் போகிறாரா, இன்னும் பெரிதாகத் திரும்பி வருவதற்குப் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவளால் முடிந்ததில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். படுக்கை இன்னும் அவர் சூட்டோடு இருந்தது. உடனே எழுந்துவிட்டாள். ஏதாவது செய்ய வேண்டும், அக்காவுக்கு போன் போட வேண்டும், அல்லது முகம் கழுவிவிட்டு டீ போட வேண்டும், வரும்போது சூடாக டீ இருந்தால் ஒருவேளை, என்று பழைய தடத்திலேயே மனசு போய் விழுந்தது. அப்போது அகரன் நடுஹாலுக்கு வந்து நின்றான். நெஞ்சை நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கி, அக்காவைப் பார்த்து விரலை நீட்டினான். "இப்ப நான் அப்பா" என்றான். புத்தம் புதிய வாக்கியம். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே கோத்தது. மிதுலா சுவரோரம் போய் நின்று, தலைக்கு மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குனிந்தாள். அவன் கையை ஓங்கினான்.

கோகிலா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். முருங்கைக்காய் முனை மாதிரி ஒல்லியான கை, அதற்குள் அவ்வளவு விசை. அவள் பிடியை எதிர்த்து அது கீழே வரவே முயன்றது. அவன் அண்ணாந்து அவளைப் பார்த்தான், கோபமாக இல்லை, விளையாட்டை ஏன் கெடுக்கிறாய் என்பது போல. "போதும் சாமி, இந்த விளையாட்டு வேண்டாம்" என்றாள். "மிது, செருப்பைப் போடு. தம்பிக்கும் எடுத்துப் போடு." மிதுலா கையை இறக்கவில்லை. "எங்கம்மா?" "பெரியம்மா வீட்டுக்கு." "அப்பா கேட்டா என்ன சொல்றது?" எப்போதும்போல ஒரு பொய் தயாராக இருந்தது, கடைக்குப் போனோம், கோயிலுக்குப் போனோம். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அம்மா சொல்லிக்கறேன்" என்றாள் கோகிலா. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, பர்ஸையும் போனையும் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தாள். மாடிப்படியில் மத்தியான வெயில் சாய்வாக விழுந்திருந்தது. யாரும் இல்லை. திறந்த கதவைப் பார்த்ததும் அவளுக்கே கால் கூசியது, ஏதோ அடுத்தவர் வீட்டிலிருந்து திருடிக்கொண்டு போகிற மாதிரி. அகரன் அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினான். மிதுலா நிலைப்படியிலேயே நின்றாள். செருப்புப் போட்டிருந்தாள், ஆனால் வரவில்லை. "வா கண்ணு." "நீங்க போங்கம்மா" என்றாள் அவள், பெரிய மனுஷி மாதிரி, நிதானமாக. "தம்பியக் கூட்டிட்டுப் போங்க. நான் இருக்கேன். வீட்டுல யாருமே இல்லீன்னா அப்பாவுக்குக் கோவம் வரும். நான் இருந்தா, நான் சொல்லிச் சமாளிச்சுக்குவேன்."

கோகிலா திரும்பி மேலே ஏறினாள். குனிந்து மகளைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துத் தூக்குகிற வயசு எப்போதோ போய்விட்டது. நீளக் கால்கள் முட்டியில் இடித்தன, கை நோவு தோள் வரை ஏறியது. மிதுலா உதறவும் இல்லை, கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. பலகையைத் தூக்குகிற மாதிரி விறைத்திருந்தாள். முன்னால் அகரன் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தான். கீழ்வீட்டுக் கதவைத் திறந்து யாரோ, "என்னங்க, இந்த வெயில்ல எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல மூச்சு இல்லை. மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இறங்கினாள், ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்று. திருப்பத்தைத் தாண்டிய பிறகும் அந்த உடம்பு இளகவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலாக மிதுலா தங்கள் வீட்டுக் கதவு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.